பத்தொன்பது கஸ்பார்கள்

தான் செத்துப்போன விவரம் கஸ்பாருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தெரியவந்தது.

சொன்னவள் செண்பகவடிவு. தூத்துக்குடியில் புதிதாகக் கட்டிய புற்றுநோய் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ‘இரட்டைப் பிரிவு’ என்று பலகை மாட்டிய அறையில் இருப்பவள். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். கெட்ட செய்தி சொல்லிச் சொல்லிப் பழகியவளுக்கு வரவேண்டிய தடிப்பு இன்னும் அவள் முகத்துக்கு வந்திருக்கவில்லை.

“நூறு தடவை ஓட்டிப் பாத்தோம் அண்ணாச்சி. பத்தொன்பது தடவை நீங்க தாங்கல.”

“தாங்கலைன்னா?”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இறந்துட்டீங்க. பெரும்பாலும் பதினோராம் நாள்.”

கஸ்பாருக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி பிலோமினா போய் நாலு வருஷம். பிள்ளைகள் இல்லை. இருமலில் ரத்தம் கண்டு படம் எடுத்தபோது வலது நுரையீரலில் கட்டி இருந்தது. வேகமாகப் பரவுகிற ரகம், ஆனால் மருந்துக்கு நன்றாகக் கேட்கிற ரகமும்கூட என்று டாக்டர் மெகருன்னிசா சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு மாதமாக கஸ்பார் தூங்கி எழுந்துகொண்டிருந்தார்.

“கட்டியைக் கொல்லுத மருந்து என்னை எதுக்கும்மா கொல்லுது?”

“வேகமா வளருத எதையும் அந்த மருந்து அடிக்கும் அண்ணாச்சி. கட்டி மட்டும் இல்ல, எலும்புக்குள்ள இருக்க மஜ்ஜையும் ஓயாம வேலை செய்யுத இடம். ரத்தத்துல இருக்க சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் எல்லாம் அங்கதான் உண்டாகுது. மருந்து ஏறி எட்டாம் நாள் வாக்கில எல்லாம் அடிமட்டத்துக்கு இறங்கிரும். ஒரு வாரம் அங்கேயே கெடக்கும், அப்புறம் மெதுவா ஏறும். அந்த ஒரு வாரத்துல உள்ள ஒரு சின்னக் கிருமி நுழைஞ்சாலும் தடுக்க ஆள் கிடையாது.”

“அணுவை ஏத்துததுக்கு ஊசி இருக்குன்னாங்களே.”

“அந்த ஊசியையும் போட்டுத்தான் ஓட்டிப் பாத்தோம்.”

மூன்று வாரத்துக்கு முன்பு கஸ்பாரிடமிருந்து எட்டுக் குப்பி ரத்தமும் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துளி மஜ்ஜையும் எடுத்திருந்தார்கள். நாற்பது பக்கக் கேள்வித்தாள் ஒன்றையும் நிரப்பி வாங்கியிருந்தார்கள். அதையெல்லாம் வைத்து இயந்திரத்துக்குள் இன்னொரு கஸ்பாரை உண்டாக்கி, மருந்தை முதலில் அவனுக்கு ஏற்றிப் பார்ப்பார்கள். அந்த இரட்டை தாங்கினால்தான் உடம்புக்காரருக்கு மருந்து. இந்த ஏற்பாடு வந்த பிறகு கீமோவினால் சாகிறவர்கள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஏற்பாட்டோடு ஒரு விதியும் வந்தது. நூற்றில் பத்து இரட்டைக்கு மேல் செத்தால் முழு மருந்து கிடையாது. பாதிதான்.

“பாதி மருந்து போட்டா கட்டி பாதி கரையுமா?”

“கரையாது அண்ணாச்சி. கொஞ்ச நாள் அப்படியே நிக்கும். அப்புறம் வளரும்.”

கஸ்பார் ஜன்னல் பக்கம் பார்த்தார். தூரத்தில் கப்பல் ஒன்று நின்றது. அவர் நினைவு துறைமுகத்துக்குப் போய்த் திரும்பியது.

“எப்படிச் செத்தேன்?” என்றார்.

“புரியல.”

“துறைமுகத்துல பெட்டி கீழ விழுந்தா, எத்தனை விழுந்துச்சுன்னு கேட்டுட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டான். எத்தன மணிக்குக் கயிறு ஆடுச்சு, யாரு பாத்தா, பாத்தவன் என்ன செஞ்சான்னு நிமிஷம் நிமிஷமாக் கேப்போம். அந்தப் பத்தொன்பது பேரும் எப்படிச் செத்தான்? அது உள்ள இருக்குமா இருக்காதா?”

இதுவரை இதை யாரும் கேட்டதில்லை என்று அவள் முகமே சொன்னது. டாக்டர்கள் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், நோயாளிகள் அழுவார்கள், அதோடு முடிந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நாள்வாரிக் குறிப்பு உள்ளே இருக்கத்தான் செய்தது. அவள் கதவைப் பார்த்தாள், பிறகு ஒன்றைத் திறந்தாள்.

“பத்தாம் நாள் காலை ஆறு மணி, காய்ச்சல் நூத்தொண்ணு. வெள்ளையணு கிட்டத்தட்ட இல்ல. நீங்க… அதாவது அவரு, ஒரு மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டாரு. எட்டு மணிக்குக் காய்ச்சல் இறங்கிருச்சு. மத்தியானம் குளிர் எடுத்து நடுங்குது. இன்னொரு மாத்திரை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டுப் பாக்காங்க. ‘ஒண்ணும் இல்ல, படுத்திருக்கேன்’னு சொல்லுதாரு. மறுநாள் காலைல யாரோ கதவைத் தட்டுதாங்க. ஆஸ்பத்திரிக்கு வரும்போது ரத்த அழுத்தம் இல்ல.”

அவள் இன்னொன்றைத் திறந்தாள், பிறகு இன்னொன்றை. மணிநேரம் மாறியது. மற்றதெல்லாம் ஏறக்குறைய அதேதான்.

“பொழைச்ச எண்பத்தொண்ணு பேரு?”

“நிறையப் பேருக்குக் காய்ச்சலே வரல. வந்தவங்கள்ல, ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்து கிருமிக்கு ஊசி ஏத்தினவங்க எல்லாரும் பொழைச்சிருக்காங்க.” அவளுக்கே அது புதிதாக இருந்தது. குரல் தணிந்தது. “உங்க ரத்தம் ரொம்ப மோசமில்ல அண்ணாச்சி. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேரத்தான் நேரமாகுது.”

“நான் ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

“கேள்வித்தாள்ல இருக்கு. ‘காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க?’ ‘மாத்திரை போட்டுட்டுப் படுப்பேன்.’ ‘வீட்டில் உடன் இருப்பவர்?’ ‘எவருமில்லை.’ ‘அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீங்க?’ கோடு போட்டிருக்கீங்க. உங்களை மாதிரி பதில் சொன்ன ஆயிரக்கணக்கான பேரு என்ன செஞ்சாங்கங்குறது இதுக்குத் தெரியும்.”

பிலோமினா இறந்தபோது தெருவே திரண்டு வந்தது. ஒரு வீட்டிலிருந்து கஞ்சி, ஒரு வீட்டிலிருந்து சோறு. ‘எனக்கு எதுவும் வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்’ என்று ஒவ்வொருவரிடமும் மரியாதையாகச் சொன்னார். மூன்றே மாதத்தில் எல்லாரும் வருவதை நிறுத்தினார்கள். அதை ஒரு வெற்றி என்றுகூட அப்போது நினைத்திருந்தார்.

“அந்தப் பதிலை மாத்திருங்க.”

“மாத்துததுக்கு ஒரு விநாடி போதும். இரட்டை பொழைச்சிரும். நீங்க மாறாம இருந்தா, நீங்க செத்துருவீங்க. நான் எழுதின பொய்யில.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதனால்தான் அது உறைத்தது.

வெளியே வராந்தாவில் ஒரு பெண்மணி மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். அறுபதுக்குள் இருக்கும். ஒல்லியான தேகம், நெற்றியில் பட்டையாகத் திருநீறு. வெளியே வந்த கஸ்பாரை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்களையும் கொன்னுட்டாளா?” என்று கேட்டார்.

ஒரு மாதத்தில் முதல்முறையாக கஸ்பாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இருமலும் வந்தது. அந்த அம்மாள் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

அவர் பெயர் ஆவுடைத்தங்கம். பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். பாதிக் காலம் விறகடுப்பு. ஒரு பீடியைக்கூட முகர்ந்து பார்த்ததில்லை. ஆனாலும் நுரையீரலில் கஸ்பாருக்கு வந்த அதே ரகக் கட்டி. கல்யாணம் ஆகவில்லை. தம்பி குடும்பம் சூரத்தில். நூற்றில் இருபத்துமூன்று ஆவுடைத்தங்கங்கள் செத்திருந்தார்கள்.

“எப்படிச் செத்தீங்கன்னு கேட்டீங்களா?”

“செத்தது போதாதா, அதை வேற கேக்கணுமா?”

“கேளுங்கம்மா. உள்ள போய்க் கேளுங்க.”

அவர் உள்ளே போய் இருபது நிமிஷம் கழித்து வந்தார். நடையில் பழைய மிடுக்கு இல்லை.

“மூக்குல ரத்தம் வருதாம். பிளேட்லெட் இல்லாததால நிக்க மாட்டேங்குதாம். துண்டை வச்சு அமுக்கிட்டு, காலைல முத பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்கேனாம்.” கஸ்பாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அது நெசந்தான். எங்க ஊருக்கு நாளைக்கு மூணு பஸ்ஸு. ஆரையாவது எழுப்பி வண்டி எடுக்கச் சொல்லணும்னா எனக்கு நாக்கு வராது.”

இருவரும் கீழே கேன்டீனில் டீ குடித்தார்கள். வழக்கமாக இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாத கஸ்பார் அன்று பேசினார். துறைமுகத்தில் ஒரே வாரத்தில் இரண்டு கிரேனைப் பழுதுபார்க்க நிறுத்த மாட்டார்கள். ஒன்று படுத்திருந்தால் மற்றொன்று நிற்க வேண்டும். கீமோ இருபத்தொரு நாளைக்கு ஒரு சுற்று. ரத்தம் அடிமட்டத்தில் இருப்பது நடுவே ஒரு வாரம். உங்களுக்கு என்னைவிட ஒரு வாரம் தள்ளி ஆரம்பித்தால், நான் விழுகிற வாரத்தில் நீங்கள் நிற்பீர்கள். நீங்கள் விழுகிற வாரத்தில் நான் எழுந்திருப்பேன்.

“எங்க நிக்கது? நீங்க தூத்துக்குடி, நான் பசுவந்தனை.”

“என் வீட்டுல ரெண்டு அறை இருக்கு. ஆஸ்பத்திரி மூணு கிலோமீட்டர்.”

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. காது சூடானது. ஆவுடைத்தங்கம் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்து முடித்தார்.

“வீட்டுக்குள்ள மீன் வரக்கூடாது. கருவாடு பேச்சே எடுக்கக்கூடாது.”

“சரி.”

“என் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும்.”

“இன்னைக்கே வச்சிருதேன்.”

“அப்ப வாங்க, அந்தப் பிள்ளைகிட்ட கேப்போம்.”

செண்பகவடிவு முதலில் முடியாது என்றாள். ஒரே வீட்டில் இரண்டு இரட்டைகளை ஓட்டும்படி அந்த மென்பொருளை யாரும் எழுதவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னென்னவோ தட்டிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு நூறு ஓட்டம் முடிந்தது.

“கஸ்பார் அண்ணாச்சி பத்தொன்பதுலேர்ந்து நாலு. ஆவுடையம்மா இருபத்துமூணுலேர்ந்து ஆறு.”

அவளே அதை இரண்டு முறை படித்தாள்.

டாக்டர் மெகருன்னிசாவைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ரெண்டு நோயாளிங்களை ஒரே வீட்டுல வச்சா ஒருத்தர் கிருமி மத்தவருக்கு வரும். வாந்தி எடுத்துட்டுக் கிடக்குற ஆளு எப்படி இன்னொருத்தரைப் பாத்துக்குவாங்க?”

“டாக்டரம்மா, நடக்க முடியாட்டாலும் கத்தத் தெரியும் எனக்கு” என்றார் ஆவுடைத்தங்கம். “முந்நூறு பிள்ளைகளைக் கத்தி உக்காரவச்சுச் சோறு போட்டவ.”

டாக்டர் சிரிக்கவில்லை. இருவருக்கும் மூன்று நாள் பயிற்சி கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் பார்ப்பது, கை கழுவுவது, மூக்கை எப்படி அழுத்துவது, எந்த எண்ணைக் கூப்பிடுவது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்த்து ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். நூறரையைத் தாண்டினால் மாத்திரை கூடாது, நேரே இங்கே வர வேண்டும். பயிற்சி முடிந்த அன்று அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவருக்கும் பயம் இருந்தது என்பது பேனா ஒரு கணம் நின்றதில் கஸ்பாருக்குத் தெரிந்தது.

தெரு சும்மா இருக்கவில்லை. நாலு வருஷமாக யாரையும் உள்ளே விடாத மனிதர் வீட்டில் திருநீறு பூசிய ஒரு பெண்பிள்ளை வந்து கோலம் போடுகிறாள் என்றால் பேசத்தானே செய்வார்கள்? எதிர்வீட்டு செல்மா ஜாடையாகக் கேட்டே விட்டாள். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். ஆவுடைத்தங்கம் வாசலிலேயே நின்று பதில் சொன்னார்.

“ரெண்டு பேரையும் சேத்துத் தராசுல வச்சாலும் ஒரு ஆளு எடை வராது. இதுல நீ என்னத்தம்மா கண்ட? வேணும்னா உள்ள வந்து பாரு. வரும்போது கையக் கழுவிட்டு வா.”

செல்மா உண்மையிலேயே கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் கொதிக்க வைத்த தண்ணீர் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாள்.

ஒரு திங்கட்கிழமை கஸ்பாருக்கு முழு மருந்து ஏற ஆரம்பித்தது. அடுத்த திங்கட்கிழமை ஆவுடைத்தங்கத்துக்கு. கஸ்பாருக்குக் குமட்டல் பெரிதாக இல்லை, ஆனால் எட்டாம் நாளிலிருந்து படியேறினால் மூச்சு வாங்கியது. நகக்கண் வெளுத்தது. ஆவுடைத்தங்கத்தை மருந்து இரண்டாம் நாளே வாட்டி எடுத்துவிட்டது. குடித்த தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. ஆனாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவர் அறையிலிருந்து குரல் வரும். “அண்ணாச்சி, எவ்வளவு?” “தொண்ணூத்தெட்டு. உங்களுக்கு?” “அதேதான்.”

கஸ்பாரின் பத்தாம் நாள் ஒரு புதன்கிழமை.

காலை முழுக்க ஆவுடைத்தங்கம் வாந்தி எடுத்தார். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கண்ணயர்ந்தார். அந்த அறையில் சத்தம் அடங்கியதும் கஸ்பாருக்கு அப்பாடா என்றிருந்தது. மூன்று மணிக்கு முதுகு லேசாகச் சில்லிட்டது. காய்ச்சல்மானியை எடுத்து வைத்தார். நூற்றொன்று புள்ளி இரண்டு.

வெயிலாக இருக்கும் என்று நினைத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி வைத்தார். நூற்றொன்று புள்ளி நாலு.

அலமாரியில் மாத்திரை இருந்தது. தூக்கி எறிந்திருக்க வேண்டும், எறியவில்லை. பாவம், அந்த அம்மா இப்போதுதான் தூங்குகிறார். இப்போது எழுப்பினால் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு அவரும் வர வேண்டும். ஒரே ஒரு மாத்திரை, ஐந்து மணி வரைக்கும் பார்க்கலாம். மனசு இப்படித்தான் பேசியது, ரொம்ப நியாயமாக.

மாத்திரையைப் பிரித்தபோது அறைக்குள்ளிருந்து தூக்கக் குரல் கேட்டது.

“மூணு ஆச்சே அண்ணாச்சி. எவ்வளவு?”

“தொண்ணூத்தெட்டு. நீங்க தூங்குங்க.”

பதில் வரவில்லை. தூங்கிவிட்டார். கஸ்பார் மாத்திரையை நாக்கில் வைத்தார். தம்ளரை எடுத்தார்.

வரப்போகிற திங்கட்கிழமை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை ஆவுடைத்தங்கத்துக்கு எட்டாம் நாள். அன்றிலிருந்து பிளேட்லெட் இறங்கும். மூக்கை எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டு அவர் பக்கத்தில் இருக்கிற ஒரே ஆள் நான். இந்த வீட்டில் நான் இல்லையென்றால் அந்த அம்மா இங்கே இருக்க மாட்டார். பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவார். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பார்.

மாத்திரை நாக்கில் கரைந்து கசக்க ஆரம்பித்திருந்தது. தொட்டியில் துப்பினார். வாயைக் கொப்புளித்துவிட்டுப் போய் அறைக்கதவைத் தட்டினார்.

“ஆவுடையம்மா, பொய் சொல்லிட்டேன். நூத்தொண்ணு தாண்டிருச்சு.”

தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். கலைந்த தலையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

“பொய் சொல்லி எத்தன நிமிஷம் ஆச்சு?”

“நாலு இருக்கும்.”

“நாலுதானே. செருப்பைப் போடுங்க.”

மூன்று ஐம்பதுக்கு மருத்துவமனையில் இருந்தார்கள். நாலேகாலுக்கு முதல் மருந்து நரம்பில் ஏறிவிட்டது. நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டிய வெள்ளையணு அன்று கஸ்பாருக்கு முந்நூறு இருந்தது. கிருமியை எதிர்க்கிற ரகம் அதில் நாற்பதுகூட இல்லை. சாயங்காலம் ரத்த அழுத்தம் இறங்கியது. மறுநாள் முழுக்க அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆவுடைத்தங்கம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஒருமுறை தெரிந்தது. இன்னொரு முறை அதே நாற்காலியில் செல்மா இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது. டாக்டர் மெகருன்னிசா வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றார்.

“இன்னும் நாலஞ்சு மணி நேரம் வீட்டுல படுத்திருந்தீங்கன்னா உங்களைப் பாத்திருக்க மாட்டேன்” என்றார். “ரத்தம் ஏற ஆரம்பிச்சிருக்கு. நல்லா வந்துட்டீங்க.”

நல்லா வந்துட்டீங்க. கஸ்பார் அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அன்று முழுக்கத் தூங்கினார்.

சனிக்கிழமை செண்பகவடிவு வந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்.”

“சொல்லுங்கம்மா.”

“அன்னைக்கு ஓட்டுனேன்ல, நாலு வந்துச்சே. ஆவுடையம்மாவுக்கு உதவியாளர்னு உங்க பேரைப் போட்டேன். அது ஏத்துக்கிடுச்சு. உங்களுக்கு உதவியாளர்னு அவங்க பேரைப் போட்டேன். கீமோ எடுத்து மூணு நாள்கூட ஆகாதவங்களை அது உதவியாளரா ஏத்துக்காது. சத்தமே இல்லாம அழிச்சிருக்கு. நான் கவனிக்கல. புதன்கிழமை உங்க உண்மையான விவரத்தைச் சேக்கும்போதுதான் பாத்தேன்.”

“அப்பம் அந்த ஓட்டத்துல என்னைப் பாக்க…”

“ஆருமே இல்ல. பழைய மாதிரியேதான். வீட்டுல உங்களுக்கு உதவின்னு ஒரு ஆளும் கிடையாது.”

“பின்ன எப்படி பத்தொன்பது நாலாச்சு?”

“அதைத்தான் ராத்திரி பகலா தேடினேன்.” அவள் குரல் ஏறக்குறைய ரகசியம் போல ஆனது. “ஒருத்தரு இன்னொருத்தருக்குப் பொறுப்புன்னு பேரு கொடுத்திருந்தா, அவரு தன்னோட காய்ச்சலையும் மறைக்க மாட்டாராம். மறைச்சாலும் ரொம்ப நேரம் மறைக்க மாட்டாராம். ஆயிரக்கணக்கான பேரோட விவரத்துலேர்ந்து அது தானாவே கத்துக்கிட்டிருக்கு. எங்கள்ல யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கல. நூறு கஸ்பாருக்கும் காய்ச்சல் வந்தா எழுப்ப ஆள் கிடையாது அண்ணாச்சி. ஆனா அவங்க பாத்துக்கவேண்டிய ஆள் ஒண்ணு இருந்துச்சு. அவங்களாவே எந்திரிச்சு வந்தாங்க.”

கஸ்பார் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஆவுடைத்தங்கம் நர்ஸிடம் எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“அவங்க பேரையும் வலுக்கட்டாயமாச் சேத்து இன்னொரு தடவை ஓட்டினேன்” என்றாள் செண்பகவடிவு. “மூணு வந்துச்சு. ஒண்ணுதான் குறைஞ்சுது. உங்க அனுமதி ரத்தாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க.” மூச்சை இழுத்து விட்டாள். நாலு நாளாகச் சுமந்ததை இறக்கி வைத்தவள் போல அவள் தோள் தணிந்தது. “ஆவுடையம்மாகிட்ட இதைச் சொல்லட்டுமா? உங்களைக் காப்பாத்துனது தான்தான்னு வார்டு முழுக்கச் சொல்லிட்டிருக்காங்க.”

“சொல்லாதீங்க. அவுகதான் காப்பாத்துனாவ. அதுல என்ன பொய் இருக்கு?”

செண்பகவடிவு சிரித்தாள். பிறகு கையிலிருந்த காகிதத்தை விரித்தாள். கேள்வித்தாளில் ஒரு வரி புதிதாகச் சேர்க்க டாக்டர் சொல்லியிருக்கிறார், இன்று முதல் வருகிற எல்லாரிடமும் கேட்க வேண்டும், முதல் ஆளாக உங்களிடமே கேட்கிறேன் என்றாள். ‘உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்ற வரிக்குக் கீழே அது இருந்தது.

“நீங்கள் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்?” என்று வாசித்தாள்.

“ஆவுடைத்தங்கம். பசுவந்தனைப் பக்கம்” என்றார் கஸ்பார், யோசிக்காமல். கட்டிலின் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “எழுதிட்டீங்களா? அப்படியே டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள என்னை வீட்டுக்கு விட்டுருவாங்களா? திங்கக்கிழமை அவுகளுக்கு எட்டாம் நாளு.”